கடற்பாசி க்ரீமும் கன்னத்து அரிப்பும்

கேள்வி: மேடம், வணக்கம். அயர்லாந்தின் கால்வே நகரில் செவிலியராக இருக்கிறேன். நாளெல்லாம் கை கழுவியும் சானிடைசர் தேய்த்தும் விரல் இடுக்குகளில் தோல் வெடித்துவிட்டது. வீட்டில் புளி கரைத்தால்கூட எரிகிறது. போன மாதம் ஊர்ச்சந்தையில் ஓர் ஐரிஷ் அம்மாள் தானே தயாரித்து விற்கும் முகக் க்ரீமும் கைக்களிம்பும் வாங்கினேன். இரண்டு பேர் மட்டுமே நடத்தும் சிறு நிறுவனம். “இயற்கையானது, விலங்குகளை வதைக்காதது, இந்தக் கரையின் கடற்பாசி சேர்ந்தது” என்றார். 50 மி.லி. க்ரீமுக்கு 32 யூரோ. களிம்பு நன்றாக இருக்கிறது. க்ரீம் பூசிய நான்காம் நாள் கன்னத்தில் அரிப்பும் சிறு தடிப்பும் வந்துவிட்டன. “இயற்கையானதுதானே, தோல் பழகும்வரை அப்படித்தான் இருக்கும்” என்கிறாள் தோழி. நாங்கள் சைவம். “தேங்காய் எண்ணெய் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு?” என்கிறார் மதுரையில் இருக்கும் அம்மா. தொடரலாமா, விட்டுவிடலாமா? இரண்டு லேபிள்களையும் படமெடுத்து அனுப்பியிருக்கிறேன்.

— பெயர் வேண்டாம் என்ற வாசகி, கால்வே

பதில்: முதலில் கன்னம். அந்த க்ரீமை இன்றோடு நிறுத்திவிடுங்கள். வாசனைப் பொருளுக்குத் தோல் பழகிக்கொள்ளும் என்பது நல்ல எண்ணத்தில் சொல்லப்படும் தவறான ஆலோசனை. ஒவ்வாமை என்றால், தோல் அந்தப் பொருளை மறக்காது. மறுபடி பூசும்போது முன்னைவிடச் சீக்கிரமாகவும் கடுமையாகவும் பதில் சொல்லலாம். நம் நிறத் தோலில் கூடுதலாக ஒரு தொல்லையும் உண்டு. அரிப்பு ஒரு வாரத்தில் அடங்கிவிடும். அது விட்டுப்போகும் கருமை மாதக்கணக்கில் அடங்காது. ஆகவே பழக்கிப் பார்க்கும் சோதனைக்கு முகம் சரியான இடமல்ல.

என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். மருந்தியல் படித்தவள். இந்த நாட்டுச் சிறு தயாரிப்பாளர்களின் க்ரீம், சோப்பு, களிம்புகளுக்குப் பாதுகாப்பு அறிக்கை எழுதிக் கையெழுத்திடுவது என் வேலை. அதனால் இந்தச் சந்தைக் கடைகள் மேல் எனக்குப் பிரியமும் உண்டு, சந்தேகமும் உண்டு. இரண்டும் இந்தப் பதிலில் தெரியும்.

உங்கள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சேர்மானப் பட்டியல் இப்படிப் போகிறது: தண்ணீர், சூரியகாந்தி எண்ணெய், கிளிசரின், ஷியா வெண்ணெய், குழம்பாக்கும் இரண்டு பொருள்கள், பென்சைல் ஆல்கஹால், டீஹைட்ரோஅசிட்டிக் ஆசிட், ஃபியூகஸ் செர்ராட்டஸ் (அதுதான் கடற்பாசி) சாறு, லாவண்டர் எண்ணெய், ஆரஞ்சுத் தோல் எண்ணெய். கடைசியில் லினலூல், லிமோனீன், ஜெரானியால், சிட்ரல்.

இந்தக் கடைசி நான்கையும் பார்த்து, “இயற்கை என்று சொல்லிவிட்டு ரசாயனத்தை ஊற்றியிருக்கிறாரே” என்று அவர்மேல் கோபப்பட வேண்டாம். அவர் தனியாக எதையும் ஊற்றவில்லை. லாவண்டர் எண்ணெய்க்குள்ளும் ஆரஞ்சு எண்ணெய்க்குள்ளும் பிறவியிலேயே இருப்பவைதான் அவை. ஒவ்வாமை தரக்கூடிய வாசனைக் கூறுகள், பூசியபடி விட்டுவிடும் பொருளில் 0.001 சதவீதத்தைத் தாண்டினால் பெயர் சொல்லி எழுத வேண்டும் என்பது ஐரோப்பியச் சட்டம். அது செடியிலிருந்து வந்ததா, ஆலையிலிருந்து வந்ததா என்று சட்டம் கேட்பதில்லை, தோலும் கேட்பதில்லை. இப்படி எழுத வேண்டியவை நெடுங்காலம் 26 ஆக இருந்தன. 2023-இல் வந்த திருத்தம் அதை 80-க்கும் மேல் ஆக்கிவிட்டது. புதிதாகச் சந்தைக்கு வருபவற்றுக்கு 2026 ஜூலை 31-இலிருந்தும், ஏற்கெனவே விற்பனையில் இருப்பவற்றுக்கு 2028 ஜூலை 31-இலிருந்தும் அது கட்டாயம். அப்போது லேபிள் இன்னும் நீளும். பார்த்துப் பயப்படாதீர்கள், பொருள் மாறியிருக்காது, வெளிப்படையாகச் சொல்வதுதான் கூடியிருக்கும்.

லினலூலில் ஒரு வேடிக்கை உண்டு. புதிதாக இருக்கும்போது அது பெரிய வம்புக்காரன் அல்ல. காற்றுப் பட்டு ஆக்சிஜனேற்றம் அடைந்த பிறகுதான் தோலுக்குப் பகையாகிறது. அகன்ற வாய் ஜாடியில், தினம் இரண்டு முறை திறந்து மூடும் க்ரீமில் இது நடக்க எல்லா வாய்ப்பும் இருக்கிறது. ஆனால் உங்களுக்கு நான்காம் நாளே வந்துவிட்டது. புதிதாக ஓர் ஒவ்வாமை உண்டாகக் குறைந்தது பத்துப் பதினைந்து நாளாவது பிடிக்கும். எனவே இது வெறும் எரிச்சலாக இருக்கலாம். அல்லது வருடக்கணக்காகப் பூசிய ஏதோ ஒரு வாசனை லோஷனால் முன்பே ஒவ்வாமை வந்திருந்து, இந்த க்ரீம் அதை எழுப்பிவிட்டிருக்கலாம். எது என்று உறுதியாகத் தெரிய வேண்டுமானால் உங்கள் பொது மருத்துவரிடம் சொல்லி, சந்தேகப் பொருள்களைத் தோலில் ஒட்டிவைத்துப் பார்க்கும் தோல் மருத்துவரின் பேட்ச் பரிசோதனைக்குப் பரிந்துரைக்கச் சொல்லுங்கள். நிறுத்தியும் இரண்டு வாரத்தில் அடங்காவிட்டால் அதைத் தள்ளிப்போட வேண்டாம்.

இனி “இயற்கை” என்ற சொல். ஐரோப்பிய அழகுசாதனச் சட்டத்தில் இதற்கு வரையறை கிடையாது. தனியார் தரமுத்திரைகள் இருக்கின்றன. காஸ்மாஸ், நேட்ரூ இரண்டும் ஓரளவு கண்டிப்பானவை. ஐஎஸ்ஓ 16128 என்று ஒரு கணக்கீட்டு முறையும் உண்டு. அதில் தண்ணீரையும் இயற்கைப் பொருளாகச் சேர்த்துச் சதவீதம் போடலாம். க்ரீமில் பாதிக்கு மேல் தண்ணீர்தான். “98 சதவீதம் இயற்கை” என்று எங்காவது பார்த்தால் நம் ஊர்ப் பால்காரரை நினைத்துக்கொள்ளுங்கள்.

இயற்கையானது என்பதாலேயே ஒரு பொருள் தீங்கு செய்யாது என்று நம்மில் ஒருவர் சொன்னால் எனக்குச் சிரிப்புதான் வரும். சேராங்கொட்டைப் பால் பட்டுக் கொப்பளித்தவர்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். செந்தட்டியும் இயற்கைதான்.

கடற்பாசி விஷயத்துக்கு வருகிறேன். பட்டியலில் 1 சதவீதத்துக்கு மேல் இருப்பவற்றை அளவு வரிசைப்படிதான் எழுத வேண்டும். 1 சதவீதத்துக்குக் கீழ் உள்ளவற்றை எப்படி வேண்டுமானாலும் எழுதலாம். இந்தக் கோடு எங்கே விழுகிறது என்று கண்டுபிடிக்க, க்ரீம் கெட்டுப்போகாமல் காக்கும் பதப்பொருள்கள் உதவும். பதப்பொருளாகச் சேர்க்கும்போது பென்சைல் ஆல்கஹாலின் உச்சவரம்பு 1 சதவீதம், டீஹைட்ரோஅசிட்டிக் ஆசிடுக்கு 0.6 சதவீதம். உங்கள் க்ரீமில் கடற்பாசி இவற்றுக்குப் பின்னால் நிற்கிறது. ஆக, 50 மி.லி. ஜாடியில் அதன் பங்கு அரை மி.லி.யைத் தாண்டாது. அந்த அம்மாள் பொய் சொல்லவில்லை. அயர்லாந்தின் மேற்குக் கரையில் கடற்பாசிக்குப் பழைய மரியாதை உண்டு. ஸ்லைகோ மாவட்டத்து எனிஸ்க்ரோனில் 1912-இலிருந்து கடற்பாசிக் குளியல் இல்லம் நடக்கிறது. வெந்நீர்த் தொட்டியில் பாசியைப் போட்டு, வழவழவென்று ஊறும் நீரில் படுத்துக்கொள்வார்கள். அது வேறு, ஜாடியில் அரை மி.லி. வேறு. உங்கள் க்ரீமில் உண்மையாக வேலை செய்பவை கிளிசரினும் எண்ணெய்களும். 32 யூரோவில் ஒரு பகுதி பாசியின் பெயருக்குப் போயிருக்கிறது என்று தெரிந்துகொண்டு வாங்கினால் தப்பில்லை.

பதப்பொருளைப் பார்த்து முகம் சுளிக்கிறவர்கள் உண்டு. எனக்கு அது இல்லாத க்ரீம்தான் பயம். சில வருடங்களுக்கு முன் ஒருவர் பன்னீரும் கற்றாழையும் சேர்த்த க்ரீமைக் கொண்டுவந்து, “ஒரு சொட்டு பதப்பொருள்கூட இல்லை” என்று பெருமையாக மேசையில் வைத்தார். கையெழுத்துப் போடாமல் ஜன்னலோரம் எடுத்து வைத்தேன். மூன்றாம் வாரம் மூடியைத் திறந்தால் உள்விளிம்பில் கடுகைத் தூவியதுபோலக் கரும்புள்ளிகள். கண்ணுக்குத் தெரியும் பூஞ்சையையாவது தூக்கி எறிந்துவிடலாம். கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியா வெடித்த விரலில் போய் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று செவிலியரான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தண்ணீர் சேர்ந்த எதற்கும் பதப்பொருள் வேண்டும். எண்ணெயும் மெழுகும் மட்டுமே உள்ள களிம்புக்கு அவசியமில்லை. ஈரக்கையை உள்ளே விடாமல் இருந்தால் போதும்.

பாரபன் பயத்தால் நடந்ததையும் சொல்லியாக வேண்டும். பாரபன் என்ற பதப்பொருள் கெட்டது என்ற பேச்சு பரவியபோது பல தயாரிப்பாளர்கள் மெத்தில்ஐசோதயசோலினோன் என்ற இன்னொன்றுக்கு மாறினார்கள். அது ஐரோப்பா முழுவதும் ஒவ்வாமைகளைக் கிளப்பிவிட, பூசி விட்டுவிடும் பொருள்களில் 2017-இலிருந்து அதற்குத் தடை வந்தது. பாரபனையோ, அமெரிக்கத் தொடு ஒவ்வாமை மருத்துவர் சங்கம் 2019-இல் “ஒவ்வாமை தராத பொருள்” என்று அறிவித்தது. பயத்தில் கைமாற்றிக்கொண்டதுதான் மிச்சம்.

“விலங்குகளை வதைக்காதது” என்பதற்கு அவருக்கு எவ்வளவு மதிப்பெண் தரலாம்? பாதி அவருக்கு, பாதி சட்டத்துக்கு. முழுமையடைந்த அழகுசாதனப் பொருளை விலங்குகள்மேல் சோதிக்க ஐரோப்பிய ஒன்றியம் 2004-இல் தடை விதித்தது. சேர்மானங்களுக்கு 2009 மார்ச்சில் தடை வந்தது. எந்த நாட்டில் சோதித்திருந்தாலும் அப்படிச் சோதித்த பொருளை ஐரோப்பாவில் விற்கக்கூடாது என்பது 2013 மார்ச் 11-இலிருந்து முழுமையாக நடப்பில் இருக்கிறது. ஆக, பக்கத்து சூப்பர் மார்க்கெட்டில் 3 யூரோவுக்குக் கிடைக்கும் க்ரீமும் இதே சட்டத்துக்குள்தான் வருகிறது. இந்தியாவிலும் 2014-இல் சோதனைக்கும், அப்படிச் சோதித்த பொருளின் இறக்குமதிக்கும் தடை வந்துவிட்டது.

பின் எதற்குச் சில ஜாடிகளில் ‘விலங்குச் சோதனை இல்லை’ என்பதற்கான முயல் முத்திரை? ஓட்டை ஒன்று இருக்கிறது. அழகுசாதனச் சட்டம் வேறு, ரசாயனப் பாதுகாப்புச் சட்டம் வேறு. ஆலையில் அந்த ரசாயனத்தைக் கையாளும் தொழிலாளரின் பாதுகாப்புக்கென்று இரண்டாவது சட்டத்தின் கீழ் விலங்குச் சோதனை கேட்கப்படலாம். க்ரீமில் மட்டுமே பயன்படும் பொருளுக்கும் அப்படிக் கேட்கலாம் என்று 2023 நவம்பரில் ஐரோப்பியப் பொது நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதனால்தான் துள்ளும் முயல் முத்திரைக்கு இன்னும் பொருள் இருக்கிறது. சேர்மானம் தரும் ஒவ்வொரு நிறுவனத்தையும், ஒரு குறிப்பிட்ட தேதிக்குப் பிறகு விலங்குச் சோதனை இல்லை என்று கண்காணித்துத் தணிக்கைக்கு உட்பட்டால்தான் அதைப் போடலாம். சும்மா வரைந்த முயல் படங்களும் கடைகளில் ஏராளம். அவற்றுக்குப் பொருள், வரைந்தவருக்கு முயல் வரையத் தெரியும் என்பதுதான்.

முத்திரை இல்லையென்று இந்த அம்மாளை ஒதுக்கவும் சொல்லமாட்டேன். சூரியகாந்தி எண்ணெய், ஷியா, கிளிசரின் என்று பல காலமாகப் புழங்கும் பொருள்களை வைத்துச் செய்கிறவர், புதிய ரசாயனம் எதையும் சோதிக்க வேண்டிய நிலையிலேயே இல்லை. கண்ணில் மருந்தை விட்டுச் சோதிக்கும் டிரெய்ஸ் சோதனை 1944-இல் எழுதப்பட்டது; பல தலைமுறை முயல்கள் அதற்குப் பலியாயின. அவருடைய ஜாடிக்காக எந்த முயலும் அப்படி அழவில்லை. அதுவுமல்லாமல், நீங்கள் இருக்கும் ஊருக்கும் இந்த விஷயத்துக்கும் பழைய உறவு இருக்கிறது. கால்நடைகளைக் கொடுமைப்படுத்துவதைக் குற்றமாக்கிய 1822-ஆம் ஆண்டுச் சட்டத்தை லண்டன் நாடாளுமன்றத்தில் கொண்டுவந்தவர் கால்வேயின் உறுப்பினர் ரிச்சர்ட் மார்ட்டின். அதே 1822-இல் டப்ளினில் பிறந்தவர் ஃபிரான்சஸ் பவர் காப். அவர் 1898-இல் தொடங்கிய விலங்குச் சோதனை எதிர்ப்புச் சங்கம்தான் 2015-இல் ‘குரூயல்டி ஃப்ரீ இன்டர்நேஷனல்’ என்று பெயர் மாற்றிக்கொண்டது. துள்ளும் முயல் இன்று அவர்கள் முத்திரை.

நீங்கள் சைவம் என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுக் கடந்துவிட்டீர்கள். எனக்கு அந்த வரிதான் உறுத்தியது. “வதைக்காதது” என்றால் “விலங்கிலிருந்து எடுத்தது எதுவும் இல்லை” என்று பொருளல்ல. களிம்பின் லேபிளில் ‘செரா ஆல்பா’ என்று இருப்பது தேன்மெழுகு. ‘லேனோலின்’ ஆட்டு ரோமத்திலிருந்து பிரித்தெடுக்கும் கொழுப்பு. ரோமம் கத்தரித்தபின் எடுப்பது, ஆட்டைக் கொல்வதில்லை. இவை இரண்டும் உங்களுக்குச் சம்மதமா என்பது நீங்களும் உங்கள் வீடும் முடிவு செய்யவேண்டியது. ஆனால் இதே சந்தைகளில் இப்போது மாட்டுக்கொழுப்புக் களிம்பு பெரிய மோஸ்தராகியிருக்கிறது. புல் மேய்ந்த மாடு, இயற்கை, வதையில்லை என்று அதே மூன்று சொற்களோடு அதே மாதிரி ஜாடியில் விற்பார்கள். லேபிளில் ‘டாலோ’ என்றோ ‘அடெப்ஸ் போவிஸ்’ என்றோ இருக்கும். சோப்பில் ‘சோடியம் டாலோவேட்’. இந்தச் சொற்களை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். விலங்குப் பொருளே வேண்டாம் என்றால் ‘வீகன்’ என்று தனியாக எழுதியிருப்பதைத்தான் தேட வேண்டும்.

அப்படியானால் சிறு நிறுவனத்திடம் வாங்குவதில் என்னதான் லாபம் என்று கேட்பீர்கள். கேள்வி கேட்டால் பதில் சொல்ல ஆள் எதிரே நிற்கிறார். நான் காசு கொடுப்பது அதற்குத்தான். அடுப்படியில் நாற்பது ஜாடி காய்ச்சினாலும் ஆலையில் நாலு லட்சம் நிரப்பினாலும் இங்கே சட்டம் ஒன்றுதான். தகுதியுள்ளவர் கையெழுத்திட்ட பாதுகாப்பு அறிக்கை, ஐரோப்பிய ஒன்றியத்தின் இணையத் தளத்தில் முன்பதிவு, லேபிளில் பொறுப்பாளரின் பெயரும் முகவரியும், எந்தத் தடவை தயாரித்தது என்று காட்டும் தொகுதி எண் எல்லாம் வேண்டும். உங்கள் க்ரீம் லேபிளில் இவை ஒழுங்காக இருக்கின்றன. களிம்பின் தொகுதி எண் படத்தில் தெரியவில்லை. ஜாடியின் அடியில் பாருங்கள். அடுத்த சனிக்கிழமை போய், “பாதுகாப்பு அறிக்கை யார் எழுதியது? இதில் வாசனை எண்ணெய் சேர்க்காத க்ரீம் செய்கிறீர்களா?” என்று கேளுங்கள். அறிக்கையைக் கையில் தரவேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. ஆனால் முறையாகச் செய்கிறவர் இந்தக் கேள்விக்கு மகிழ்ந்துபோவார். மழுப்புகிறவரிடம் களிம்பையும் வாங்க வேண்டாம்.

கன்னத்தில் வந்ததையும் அவரிடம் சொல்லுங்கள். தயங்காதீர்கள். இப்படி வரும் புகார்களைக் கோப்பில் சேர்ப்பது அவர் கடமை. அறிக்கை எழுதும் என் போன்றவர்களுக்கும் அடுத்த முறை மதிப்பிட அதுதான் ஆதாரம். எச்.பி.ஆர்.ஏ. எனப்படும் சுகாதாரப் பொருள்கள் ஒழுங்குமுறை ஆணையத்துக்கும் நீங்களே தெரிவிக்கலாம்.

கை வேறு கதை. அங்கே உங்களுக்கு இருப்பது அழகுப் பிரச்சினையே அல்ல, தொழில்நோய். களிம்பு நன்றாக இருக்கிறது என்றால் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் பணி நேரத்தில் வேண்டாம். எண்ணெய்க் களிம்பு லேட்டக்ஸ் கையுறையைப் பலவீனமாக்கும். பணியில் இருக்கும்போது மருத்துவமனை தரும், கையுறைக்கு ஒத்துப்போகும் க்ரீம்தான். கை வெளிப்படையாக அழுக்காகாத நேரங்களில் சோப்பைவிடச் சானிடைசர் தோலுக்குக் குறைந்த கெடுதல். எரிகிறது என்பதற்காகச் சோப்புக்கு ஓடாதீர்கள். எரிவது ஏற்கெனவே வெடித்த இடம். உங்கள் மருத்துவமனையின் பணிநலப் பிரிவில் இதைப் பதிவு செய்யுங்கள். செவிலியர் கைகள் அவர்களுக்குப் புதிதல்ல.

இரவில் களிம்பைத் தடிமனாகப் பூசி, மேலே பருத்திக் கையுறை போட்டுக்கொண்டு தூங்குங்கள். களிம்புக்குப் பதில் வாசனையில்லாத வெள்ளை வாசலீனும் போதும். அது பெட்ரோலியத்திலிருந்து வருவதால் இயற்கைப் பிரியர்களுக்கு ஆகாது. ஆனால் தோலின் ஈரத்தைப் பூட்டி வைப்பதில் அதற்கு ஈடு சொல்வது கடினம், ஒவ்வாமையும் மிக அரிது. ஒரு எச்சரிக்கை: எண்ணெய் ஊறிய துணி சட்டென்று தீப்பிடிக்கும். அந்தக் கையுறையோடு அடுப்புப் பக்கம் போகவேண்டாம். புளியை நாலு நாளைக்கு வேறு யாராவது கரைக்கட்டும்.

அம்மா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நல்ல தேங்காய் எண்ணெய் வறண்ட தோலுக்கு நல்ல காப்பு, வாசனைச் சேர்மானத் தொல்லையும் இல்லை. மதுரையில் அது வழியும். கால்வேயில் வருடம் முழுக்க உறைந்துதான் இருக்கும், ஏனென்றால் அது சுமார் 24 டிகிரியிலேயே கட்டியாகிவிடும். உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தால் இளகிவிடும். முகத்தில் பரு வரும் வாகு உங்களுக்கு இருந்தால் கையோடும் காலோடும் நிறுத்திக்கொள்ளுங்கள்.

அந்த அம்மாளிடம் வாசனையில்லாத க்ரீம் கிடைத்தால் வாங்குங்கள், ஆனால் கன்னத்துக்கு அவசரப்பட வேண்டாம். முழங்கையின் உட்புற மடிப்பில் ஒரு நாணய அளவு இடத்தில் காலையும் மாலையும் பத்து நாள் பூசிப் பாருங்கள். ஒரு முறை பூசி மறுநாள் பார்ப்பது போதாது. ஒவ்வாமை இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் தலைகாட்டும். ஒன்றும் வரவில்லையென்றால் முகத்துக்குப் போகலாம். லேபிளில் திறந்த ஜாடி படமும் அதற்குள் ‘6எம்’ என்றும் இருந்தால், திறந்த நாளிலிருந்து ஆறு மாதம்தான் கணக்கு. திறக்கும் அன்றே மூடியின்மேல் பேனாவால் தேதியை எழுதிவிடுங்கள். பழைய க்ரீமைக் குளிர்சாதனப் பெட்டியில் எடுத்து வையுங்கள், தூக்கி எறிய வேண்டாம். பேட்ச் பரிசோதனைக்குப் போனால் மருத்துவர் முதலில் கேட்கப்போவது அந்த ஜாடியைத்தான்.